கறையான் வீடு பார்த்த கதை

ஒரு பல்கலைக்கழக நூலகத்துக்கு இரண்டு கறையான்கள் வீடு பார்க்க வந்தன. மூத்தவள் எதையும் லேசில் நம்பமாட்டாள். அவளைப் பொறுத்தவரை, மனிதர்கள் புரட்டாத புத்தகம்தான் நல்ல வீடு.

கண்ணாடி அலமாரியில் புத்தம்புதிய இயந்திரவியல் பாடநூல்கள் நாற்பது இருந்தன. அரசு மானியத்தில் தமிழில் எழுதி அச்சிட்டவை. வெளியீட்டு விழாவில் கட்டிய ரிப்பன்கூட அவிழவில்லை.

“அக்கா, இங்கேயே குடிவந்துடலாம். வாசனையே ஆளைத் தூக்குது” என்றாள் இளையவள்.

“அவசரப்படாதேடி. தமிழ்ல இருக்கு. பிள்ளைகளுக்குப் புரியும். புரிஞ்சா தினமும் புரட்டுவாங்க. நம்ம முட்டையெல்லாம் நசுங்கிடும்.”

“பூட்டு தொங்குதே?”

“பூட்டுன்னா சாவியும் இருக்குமில்ல?”

மூத்தவள் அலமாரிக்கடியில் பதுங்கி வேவு பார்த்தாள். மூன்றாம் நாள் ஒரு மாணவி வந்தாள். “சார், அந்தத் தமிழ்ப் புத்தகம் வேணும். திங்கட்கிழமை பரீட்சை. இங்கிலீஷ்ல படிச்சா ஒண்ணும் ஏறல.”

நூலகர் சாவியை எடுத்தார். மூத்தவள் வெளிறிப்போனாள், கறையானால் அதற்குமேல் வெளிற முடியாது என்பது வேறு விஷயம்.

பூட்டருகே போன நூலகர் தயங்கினார். “மானியத்துல வந்ததும்மா. அடுத்த மாசம் குழு பார்வையிட வருது. அழுக்கானா எதைக் காட்டுறது? நீ இங்கிலீஷ் புத்தகத்தையே எடுத்துக்கோ.”

“குழு போனதும் தருவீங்களா சார்?”

“அப்புறம் அடுத்த குழு வரும்மா.”

மாணவி வாசலைத் தாண்டும்வரை மூத்தவள் அவள் முதுகையே சந்தேகமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இளையவளிடம் திரும்பினாள்.

“போடி, முட்டைகளைக் கொண்டுவரச் சொல்லு.”