மூன்றாவது கேசட்

“சார், உங்க அம்மா கேசட்டத் தர மாட்டேங்கறாங்க. நீங்கதான் எடுத்துச் சொல்லணும்” என்றாள் கவிநிலா, செருப்பைக்கூடக் கழற்றாமல்.

பாரதிக்குச் சிரிப்பு வந்தது. லாஸ்பேட்டையில் ஓர் அலுவலகத்தில் கிளார்க். வயது நாற்பத்தேழு. இந்த வயதில் ஒருத்தி வீடு தேடி வந்து தன்னைப் பாடகர் என்பாள் என்று அவன் கனவா கண்டான்?

பதினாறு வயதில் நெல்லித்தோப்புப் பையன்கள் மூன்று பேர் சேர்ந்து ‘கரண்ட் கட்’ என்று, கத்திப் பாடும் ஒரு பங்க் ராக் இசைக்குழு வைத்திருந்தார்கள். ஒரு கிட்டார், ஒரு டிரம், மீதியெல்லாம் பாரதியின் கத்தல். பதினோரு பாட்டோடு குழு கலைந்துவிட்டது. அதில் ஒரு பாட்டின் கேசட் பிரதி, சண்டே மார்க்கெட்டில் பழைய சாமான்களுக்கு நடுவே கவிநிலாவிடம் சிக்கியது. காலாப்பட்டுப் பல்கலைக்கழகத்தில் இசை ஆராய்ச்சி செய்கிறவள். அலைந்து திரிந்து ஆளைப் பிடித்துவிட்டாள். பதினொன்றையும் ஆல்பமாக வெளியிடப் போகிறாளாம்.

மூல கேசட்டுகள் மூன்றும் அம்மா செல்வாம்பாளின் அலமாரியில் இருந்தன. போன வாரம் கவிநிலா இங்கேயே உட்கார்ந்து பாட்டுகளைக் கணினியில் ஏற்றிக்கொண்டாள். இப்போது கேசட்டுகளையே கேட்கிறாள்.

“பூஞ்சை புடிக்குது சார். இப்படியே விட்டா போயிடும்.”

“அம்மாவுக்கு எம்பாட்டுன்னா உசிரும்மா” என்றான் பாரதி. “அப்பா பிரான்ஸ் பட்டாளத்துல இருந்தாரு. அங்கியே லாரி விபத்துல போயிட்டாரு. வருஷம் திரும்பல, அலமாரியில ஒரு எழுத்தும் எழுதாத வெத்துக் கேசட்டு மூணு கெடந்துச்சுன்னு எடுத்துப் பாட்டுப் பதிஞ்சோம். அன்னிக்குத் தொடப்பக்கட்டையால வெளுத்துட்டாங்க. துக்க வீட்டுல கத்துனா கோவம் வராதா? ஆனா அப்புறம் பாரு, நான் வேலைக்கு ஸ்கூட்டர எடுத்ததும் மூணாவது கேசட்டு ஓட ஆரம்பிச்சிடும். இன்னிவரைக்கும் தெனம்!”

‘நல்லா பாடினடா’ என்று அம்மா ஒரு நாளும் வாய்திறந்து சொன்னதில்லை. அவள் வாயால் அதைக் கேட்க அவனுக்கு இன்னும் ஆசைதான். கேசட் ஓடுவதையே பாராட்டாக எடுத்துக்கொண்டு முப்பது வருடம் தள்ளிவிட்டான்.

உள்ளே போய் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தான். “அம்மா, இந்தப் பொண்ணு பென்டிரைவ்ல சுத்தமா ஏத்திக் குடுத்திருக்கு. கேட்டுப் பாரு. புடிச்சிருந்தா கேசட்டக் குடுத்துடு.”

“முழுசும் இருக்கா?”

“முழுசும் இருக்கும்மா” என்றாள் கவிநிலா.

மூன்றாவது கேசட்டின் பாட்டுகளை டிவியில் போட்டார்கள். அடேயப்பா, என்ன கத்தல்! பாரதிக்கே கூச்சமாக இருந்தது. செல்வாம்பாள் கண்ணை மூடிக்கொண்டு பொறுமையாக உட்கார்ந்திருந்தாள். கடைசிப் பாட்டு முடிந்ததும் கண்ணைத் திறந்து முன்னால் நகர்ந்தாள். டிவி அமைதியாகிவிட்டது.

“மீதி எங்கே?”

“அவ்ளோதாம்மா. நாலு பாட்டும் வந்துடுச்சு. அப்புறம் வெறும் இரைச்சல், அதோட நிறுத்திட்டேன்.”

“பாட்டு யாருக்கு வேணும்?” என்று எழுந்தாள் செல்வாம்பாள்.

பாரதிக்குச் சுருக்கென்றது. அவள் மூன்றாவது கேசட்டை எடுத்துப் பழைய பிளேயரில் போட்டாள். அதே கத்தல் மறுபடி ஆரம்பித்தது.

“கடைசிக்கு ஓட்டும்மா” என்றான், முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல்.

“ஓட்டினா நாடா சிக்கிக்கும். அதுக்குத்தான தெனம் இதப் பொறுத்துக்கறேன்.”

நான்கு பாட்டும் முடிந்தன. இரைச்சல் நீண்டது. கவிநிலா நிறுத்தக் கை நீட்டினாள், செல்வாம்பாள் தடுத்தாள்.

திடீரென்று ஓர் ஆணின் குரல் கேட்டது. “…வேற ஒண்ணுமில்ல செல்வா. இங்க குளிரு ஜாஸ்தி. நீ நேரத்துக்குச் சாப்புடு. புள்ளய அடிக்காத. அடுத்த மாசம் பேசி அனுப்பறேன்.”

“அப்பா!” பாரதி உடைந்து அழுதான்.

செல்வாம்பாள் மகனின் தலையைத் தன்மேல் சாய்த்துக்கொண்டாள். “அழாதடா. எனக்கு எழுத்து தெரியாதுன்னு உங்கப்பா கேசட்டுலதான் லெட்டர் பேசி அனுப்புவாரு. நீங்க பாட்டுப் பதிஞ்சது போக, இவ்ளோதான் மிச்சம்.”