பங்கு இறைச்சி

கோழிநோய் பரவியதும் சபூறா தன் ஒன்பது கோழிகளையும் கூட்டுக்குள் அடைத்தாள். மகளின் கல்யாண விருந்துக்கு அவைதான் இருந்தன. இருந்தும் எல்லாம் தலை தொங்கின. செத்தால் ஹராம் என்று அவசரமாக அறுத்து, மருதமுனையிலுள்ள மாப்பிள்ளை வீட்டுக்கும் ஒரு பங்கு அனுப்பினாள்.

கொடுத்துவிட்டு வந்த கணவர் முகம்மது தம்பி, "அடைச்ச கோழிக்கு எப்படிப் புள்ள நோய் வந்த?" என்றார்.

"தெரியா. பக்கத்து வீட்டு லைலா தன்ட நோய்க்கோழிய அறுத்துப் பங்கு தந்தாதானே? அதைக் கழுவின தண்ணியிலதான் தவிடு குழைச்சு வச்சன்..."

சபூறா காலித் தவிட்டுச் சட்டியையே பார்த்தாள்.

"நம்மட பங்கை மாப்பிள்ளைட உம்மா என்ன செஞ்சா?"

"கையோட கழுவினா. 'விருந்துக்குக் கவலைப்படாதீங்க, எங்கட முப்பது கோழியும் இருக்கு' எண்டு சொல்லி, அந்தத் தண்ணிய அதுகளுக்கே ஊத்தினா."