செந்தட்டியின் முழங்கால்

முழங்காலில் ஜவ்வு கிழிந்துவிட்டதால் செந்தட்டி இறுதி ஆட்டத்தில் இறங்கமாட்டான் என்று கபடி கிளப் அறிவித்ததும் ரசிகர்கள் இரண்டுபட்டுப் போனார்கள். மைதான வாசலில் அவனை வரவேற்கச் சரவெடியோடு நின்ற இசக்கிராஜாவிடம் கூட்டாளி மைதீன், “ஜவ்வும் இல்ல, ஒண்ணும் இல்லலே. ஊக்கமருந்து சோதனையில மாட்டிக்கிட்டாராம். கிளப்காரன் அமுக்கப் பாக்கான்” என்றான். “வாயக் கழுவுலே! அண்ணன் பாடிப் போனா நாலு பேரத் தொட்டுட்டுத்தான் திரும்புவாரு. அவருக்கு மருந்து வேற வேணுமாக்கும்?” என்று இசக்கிராஜா கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினான். சுற்றி நின்றவர்கள் விசிலடித்தார்கள். அந்நேரம் கார் வந்து நின்றது. முழங்காலில் பெரிய கட்டோடு, ஊன்றுகோலை ஊன்றி, முகத்தைச் சுளித்தபடி செந்தட்டி இறங்கினான். இசக்கிராஜாவுக்குக் கண் கலங்கிவிட்டது. வெடியைப் பற்றவைத்துக் கீழே போட்டான். சரம் துள்ளிக்கொண்டு போய்ச் செந்தட்டியின் காலடியிலேயே படபடவென்று வெடிக்க, அவன் ஊன்றுகோலை உதறிவிட்டு ஒரே எம்பில் இரும்புத் தடுப்பைத் தாண்டி, அந்தப் பக்கம் பூப்போல இறங்கி நின்றான். “பாத்தியாலே அந்தத் துள்ளல!” என்று இசக்கிராஜா ஆனந்தத்தில் குதித்தான். மைதீன் கீழே கிடந்த ஊன்றுகோலைக் கண்ணால் காட்டினான். விசில்கள் ஒவ்வொன்றாக அடங்கின. தெருமுனையிலிருந்து கேமராக்காரர்கள் ஓடிவருவதைக் கண்டதும் இசக்கிராஜா புகைக்குள் பாய்ந்து ஊன்றுகோலை எடுத்து, தடுப்புக்கு மேலே நீட்டினான். “அண்ணே,” என்றான் மூச்சிரைக்க, “நொண்டுங்கண்ணே.”