ஒரே ஒரு வியாழக்கிழமை

“புதன்கிழமைக்குள்ள நான் என் பொண்ணுக்கு அப்பா இல்லைன்னு ஆகணும். முடியுமா மேடம்?”

வக்கீலம்மா வாய்க்குக் கொண்டுபோன தேநீரைக் கீழே வைத்தார். இருபது வருடமாகக் குடும்ப வழக்குகள்தான் நடத்துகிறார். பிள்ளை எனக்குத்தான் என்று இந்த அறையிலேயே சட்டையைப் பிடித்துக்கொண்டவர்கள் உண்டு. வேண்டாம் என்று நேரம் குறித்துக்கொண்டு வந்தவர் இவர் ஒருவர்தான்.

“வேற கல்யாணமா?”

“ஐயோ, இருக்கிற ஒருத்திகிட்டயே பேசி ஜெயிக்க முடியல.”

“அப்ப வளர்க்கிற செலவுக்குப் பயம்.”

“செலவெல்லாம் நான்தான் பார்ப்பேன். எங்க வீட்டுலதான் இருப்பா. காகிதத்துல மட்டும் நான் அப்பாவா இருக்கக் கூடாது.”

“பொண்ணுக்கு என்ன வயசு?”

“ஆறு. கீழ்வரிசையில ஒரு பல்லு ஆடுது. பதினாலு கிலோ நானூறு கிராம். போன வாரம் நூறு கூடுச்சுன்னு வீட்டுல ஒரே ஆட்டம்.”

வக்கீலம்மா அவரை வியப்போடு பார்த்தார். பிள்ளைக்காக வருடக்கணக்கில் வழக்காடிய அப்பாக்களுக்கு, அது எந்த வகுப்பில் படிக்கிறது என்றுகூடத் தெரிந்ததில்லை.

“இதுக்கு அவங்க அம்மா என்ன சொல்றாங்க?”

அவர் ஒரு கடிதத்தை நீட்டினார். மனைவியின் சம்மதம். கையெழுத்துக்குக் கீழே தனியாக ஒரு வரி: ‘தயவுசெய்து சீக்கிரம் முடித்துக் கொடுங்கள்.’

“நல்ல ஜோடி!” என்றார் வக்கீலம்மா. “கேளுங்க சார். பிடிக்கலைன்னு கழட்டிப் போட இது செருப்பு இல்ல. வேற யாராவது தத்தெடுக்கணும்...”

“மச்சான் வெளியில உட்கார்ந்திருக்கார். அவருக்குச் சம்மதம்.”

“இதையும் சொல்லிக் குடுத்துக் கூட்டிட்டு வந்தாச்சா! அதுக்கும் நீதிபதி விசாரிக்கணும். வீட்டுக்கு ஆள் வந்து பார்க்கணும். பிள்ளைக்கு அதுதான் நல்லதுன்னு நிரூபிக்கணும். மாசக்கணக்காகும். உரிமைன்னு பேருதான் உங்களுது. உண்மையில அது உங்க பொண்ணோடது. உங்க இஷ்டத்துக்கு எழுதிக் குடுக்க முடியாது.”

“மாசக்கணக்கெல்லாம் அவ தாங்க மாட்டா மேடம். எனக்கு வியாழக்கிழமை ஒரு நாள் போதும். வெள்ளிக்கிழமை திரும்ப எடுத்துக்கறேன்.”

“இது என்ன வாடகை சைக்கிளா?”

கதவைக் காட்டுவதற்காக வக்கீலம்மா எழுந்தே விட்டார். வந்தவர் அசையவில்லை. அழவும் இல்லை.

“வேற வழியே இல்லையா?”

“ஒரே ஒரு நாள் அப்பாவா இல்லாம இருந்து அப்படி என்ன சார் சாதிக்கப் போறீங்க?”

அவர் தன் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசைமேல் விரித்தார். ஏதோ ஒரு மருத்துவமனையின் விதிமுறைகள். ஒரு வரியின் கீழ் மட்டும் பேனாவால் கோடு போட்டிருந்தது. வக்கீலம்மா நின்றபடியே குனிந்து வாசித்தார்:

‘எந்த மருத்துவரும் தம் சொந்தப் பிள்ளைக்கு அறுவை சிகிச்சை செய்யக் கூடாது.’

“பொண்ணுக்கு இதயத்துல கோளாறு. வியாழக்கிழமை ஆபரேஷன். வெளியூர் கொண்டுபோனா வழியிலயே போயிடுவா” என்றார் அவர். “இந்த ஊர்ல அந்த ஆபரேஷன் பண்றது நான் ஒருத்தன்தான் மேடம்.”