சிரஸ்தார் தாத்தா

“மாலையை இன்னுங் கொஞ்சம் கீழ எறக்கு, இசபெல்லா. ஓட்டை தெரியுது.”

கொள்ளுத்தாத்தா படத்தின் மரச்சட்டத்தில், என்றோ பேர்த் தகடு இருந்த இடத்தில் இரண்டு திருகாணித் துளைகள். அந்தத் தகட்டைச் சவரிராயன் கண்ணால்கூடக் கண்டதில்லை. மனைவி மாலையை இறக்கியதும் துளைகள் மறைந்தன.

வாசலில் கார் வந்து நின்றது. பூர்வீகம் விசாரித்தே இரண்டு சம்பந்தம் தட்டிப்போன மகள் ஜெனிட்டாவைப் பெண் பார்க்க, மூன்றாவதாக நாமக்கல்லிலிருந்து வந்திருந்தார்கள்.

மாப்பிள்ளையின் அப்பா சூசைமாணிக்கம் உட்காரவே இல்லை. படத்தின் முன்னால் அப்படியே நின்றுவிட்டார். பழைய எண்ணெய்ச் சித்திரம். புகையேறிக் கறுத்த முகம், புசுபுசுவென்று கிருதா, கறுப்புக் கோட்டு.

“எங்கப்பனோட தாத்தாங்க,” என்றார் சவரிராயன். “வெள்ளைக்காரன் காலத்துல கலெக்டர் கச்சேரியில தலைமை குமாஸ்தா, சிரஸ்தாரு.”

மாப்பிள்ளையின் அம்மா வினோலியா கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டே வந்தாள். “ஏனுங்க, இது ஊடு மாத்தையில தொலைஞ்சுபோன நம்ம தாத்தா படமாட்ட இருக்குதே?”

சூசைமாணிக்கம் துண்டால் கழுத்தைத் துடைத்தார். “ஆமா… அதேதான்.”

“அப்ப ரெண்டு ஊட்டுக்கும் ஒரே தாத்தா. பங்காளிங்க ஆயிப்போச்சு. அண்ணன் தங்கச்சிக்கு எப்படிக் கலியாணம் பண்றது? எந்திரி சாமி, போலாம்,” என்று மகனைக் கூப்பிட்டாள்.

காப்பித் தட்டோடு வந்த ஜெனிட்டா கதவோரமே நின்றாள்.

ஆமாம் என்றால் கல்யாணம் போச்சு. இல்லை என்றால் மானம் போச்சு. முன்னே போனால் முட்டுகிறது, பின்னே வந்தால் உதைக்கிறது சவரிராயனுக்கு.

இசபெல்லா பல்லைக் கடித்தாள். “சொல்லித் தொலைங்க. செத்த சிரஸ்தாருக்காக உசுரோட இருக்கற புள்ளைய உட்ருவீங்களா?”

“இவரு எங்க தாத்தா இல்லீங்க,” என்றார் சவரிராயன், தரையைப் பார்த்து. “சேலத்துல பழைய சாமான் கடையில வாங்கினது. நூறு வருசத்துக்கு முந்தின யாரோ இங்கிலாந்து மந்திரியாம். பேர்த் தகடு அப்பவே இல்லீங்க. கறுத்த மொகமா இருக்கவும் தாத்தா ஆக்கிட்டேன்.”



சூசைமாணிக்கம் மாலையை ஒதுக்கி, ஒரு துளையில் விரலை வைத்துப் பார்த்தார். பிறகு சவரிராயனின் காதோரம் குனிந்தார்.

“தகட்டைக் கழட்டினவனே நான்தானுங்க, சம்பந்தி.”