எதிர்ப்பாளர் நிற்கும்வரை

செண்பகா நகர் விளையாட்டு மைதானத்தை ஒரு கட்டுமான நிறுவனம் கேட்டிருந்தது. எதிர்ப்பு மனுவில் கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவராவது அந்த மண்ணில் நிற்கும்வரைதான் மனு செல்லும் என்பது புதுச் சட்டம். பத்து நிமிடம் அவர்களில் யாரும் இல்லையென்றால் வாசலில் உள்ள கேமராக் கம்பம் அதைப் பதிவு செய்துவிடும்; மனு ரத்தாகிவிடும்.

முதலில் இருநூறு பேர் முறைவைத்து நின்றார்கள். நிறுவனம் தந்த ஃபிளாட்டை ஆளாளுக்கு வாங்கிக்கொண்டு விலக, மூன்றாம் வருடம் ஜெகதீசனும் அவர் மனைவி சுகந்தியும்தான் மிஞ்சினார்கள். மகள் கல்யாணத்துக்குக்கூட ஒருவர்தான் போக முடிந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பக்கத்து வீட்டுப் பெண் ஃபோன் செய்தாள். "அக்கா மயங்கி விழுந்துட்டாங்க. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறோம். உடனே வாங்கண்ணா!"

ஜெகதீசன் சுற்றிலும் பார்த்தார். முப்பது குழந்தைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவர் பெயரும் மனுவில் இல்லை.

வாசலில் தினமும் காத்திருக்கும் நிறுவனத்து ஆள் கிஷோர், கார் கதவைத் திறந்தான். "ஏறுங்க சார், நான் கொண்டுபோய் விடறேன்." அவன் குரலில் கிண்டலே இல்லை. அதைத்தான் ஜெகதீசனால் தாங்க முடியவில்லை. கொஞ்சம் தயங்கிவிட்டு ஏறிக்கொண்டார்.

மத்தியானம் சுகந்தி கண் விழித்தாள். அவரைப் பார்த்ததும் பதறிப்போனாள்.

"நீங்க இங்க இருந்தா, அங்க யாருங்க நிக்கறாங்க?"

"எதிர்வீட்டு சுலைமான் மறுபடியும் மனுவுல சேந்துட்டான்" என்று பொய் சொன்னார் ஜெகதீசன்.

சுகந்தி அவர் கையை எடுத்து நெஞ்சில் வைத்துக்கொண்டாள். "அப்ப இன்னிக்கு ராத்திரி நீங்க என்கூடவே இருக்கலாமுங்க."