பிரிட்டோ பெயரில் ஒரு ஃபோல்டர்

யமுனா தன் பறவை வலைப்பூவைப் புதிய பதிப்புக்கு மாற்ற முயன்றபோது, மூன்றாவது முறையும் ‘அனுமதி மறுக்கப்பட்டது’ என்றே வந்தது. வலைப்பூவுக்கு இணையத்தில் இடம் தரும் ஹோஸ்டிங் நிறுவனத்துக்கு ஃபோன் செய்தாள்.

“படங்கள் இருக்கிற ஃபோல்டர் மட்டும் பிரிட்டோங்கிற பேர்ல இருக்கு மேடம். அவரே உள்ளே வந்து அனுமதியை மாத்தணும். இல்லன்னா அழிச்சிட்டுப் புதுசா போடுங்க” என்றார் அங்கிருந்தவர்.

பிரிட்டோ அவளோடு சேர்ந்து வலைப்பூவைத் தொடங்கியவன். பத்திரிகையில் வந்த அவளுடைய கட்டுரையில் அவன் எடுத்த படங்கள் இருந்தன, அவன் பெயர் இல்லை. அதோடு பேச்சு நின்று நான்கு வருடமாகிறது.

அழிக்க மனம் வராமல் அவனையே அழைத்து விஷயத்தைச் சொன்னாள். “நானேதான் வரணுமா?” என்று இழுத்தான் அவன்.

“பாஸ்வேர்டு மறந்துட்டியா?”

“ஞாபகம் இருக்கு” என்றான். “உள்ளே வரலாமான்னுதான் தெரியல.”